வலது பக்க ஸ்பிரிங்

"நோயாளி பேரச் சொல்லுங்க," என்றாள் போனில் ஆம்புலன்ஸ் அலுவலகத்துப் பெண், இரண்டாம் முறையாக.

ராய்கானுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே பஞ்சு மெத்தையில் மாமனார் நெஞ்சைப் பிடித்தபடி, வாயால் மூச்சு வாங்கிக் கிடந்தார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் பெயரை அவள் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. எந்தக் கஜாக் மருமகள் உச்சரிப்பாள்? அதே பெயருள்ள தபால்காரரைக்கூட 'கடிதம் கொண்டுவர்றவர்' என்றே சொல்லி ஒப்பேற்றியவள்.

"எங்க அத்தாங்க."

"எல்லாருக்கும் அத்தா உண்டும்மா. பேரு என்ன?"

"தோக்தார்," என்றாள்.

கிழவர் கண்ணைத் திறந்தார். "ம்? யாரு கூப்பிட்டது?"

"நான்தான் அத்தா. தப்புதான்."

"பரவால்ல. நல்லாத்தான் வருது உனக்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

தாராஸ் நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரமாகுமாம். தெருவில் வேறு வண்டியே இல்லை. மாமியார் உட்பட ஊரே கல்யாணத்துக்குப் போயிருந்தது. இருந்த ஒரே கார் முற்றத்தில், வலது முன்சக்கரம் கழன்று, மரக்கட்டை மேல் நின்றது. மாலை கல்யாண ஊர்வலத்தில் தன் கார் தரையோடு தரையாகப் போகவேண்டும் என்று அவள் கணவன் டௌரெனுக்கு ஆசை. குட்டை ஸ்பிரிங்கை நானே மாட்டுவேன் என்று காலையிலிருந்து அதனடியில் கிடந்தான். இடது பக்கம் முடிந்திருந்தது.

"வண்டியத் தாழ்த்துறது இருக்கட்டும், மொதல்ல உன் தலையத் தாழ்த்துடா," என்று காலையில்தான் கிழவர் மகனைக் கேலி செய்திருந்தார்.

மெத்தையருகே உட்கார்ந்து கிழவர் கையைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்த்தாள். அப்பாவை ஏற்றிப் போவதற்காக டௌரென் பழைய ஸ்பிரிங்கை இரண்டு திருகுக் கொக்கிகளால் அமுக்கிப் பிடித்து, முகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேகவேகமாகக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு கொக்கி நழுவினாலும் மண்டை தப்பாது என்று அவனே சொன்னதுதான். பார்த்துச் செய் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிழவர் அவள் விரல்களை இறுக்கினார்.

டமாரென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"டௌரென்?"

எழப்போனாள், கிழவரின் பிடி விடவில்லை. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

"டௌரென், பேசு."

"ஒண்ணுமில்ல, ஸ்பிரிங் தெறிச்சு கார் கதவுலதான் பட்டுச்சு. புதுசு சின்னதுதான், உடனே மாட்டிரலாம். அஞ்சு நிமிசம்."

"அஞ்சே நிமிசம் அத்தா," என்று திரும்பினாள்.

கிழவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. விரல்கள் தளர்ந்தன. அவர் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வெளியே சக்கரத்தின் திருகுகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் கேட்டது. நான்கு வரை எண்ணினாள்.

டௌரென் கிரீஸ் கைகளோடு ஓடிவந்தான். "தூக்கு, கிளம்பலாம். ரெண்டு பக்கமும் சமமா நிக்குது."

"கையக் கழுவிட்டு வா," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மெத்தையைப் பார்த்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவர் கிழவரின் கண்ணிமைகளை மூடிவிட்டு, தாளை எடுத்தார். "பேரு?"

டௌரென் நிமிரவில்லை.

"தோக்தார்," என்றாள் ராய்கான். சொல்லிவிட்டு, மெத்தைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.