நாற்பத்தேழாம் நம்பர் வீடு

கன்னியம்மா யாரையும் லேசில் நம்பமாட்டாள். காசிமேட்டில் தானே ஏலம் எடுத்த மீனைக்கூட கூடையில் போடுவதற்குள் நாலு தடவை செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாளா?

மகிழினிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. தெருமுனையில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியே போதும், காலையில் டிபனும் போடுகிறார்கள் என்பது கணவன் வெற்றியின் வாதம். சொல்லிவிட்டு அவன் விசைப்படகு ஏறிவிட்டான். ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் கரை. அந்தப் பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும், அப்புறம் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைத் தாண்டித்தான் வேறு பள்ளிக்குப் போகவேண்டும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அந்தச் சாலைக்குப் பயந்துதான் கன்னியம்மாவின் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

சாலைக்கு இந்தப் பக்கமே ஒரு மெட்ரிக் பள்ளி இருந்தது. கட்டணம் இல்லாமல் சேர்க்க அரசாங்கம் ஒதுக்கிய இடங்கள் அங்கே உண்டு. எட்டாவது வரை கவலையில்லை. வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும், ஆட்கள் அதிகமானால் குலுக்கல்.

டில்லிபாபுவின் கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட்டாள். அவனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

"இன்னா தட்னே? படி."

"ஆதார்ல கீறதத்தான் தட்டிகினு கீறேன், யக்கா."

"நாப்பத்தேழா எழுபத்துநாலா? அந்த டிவிய இப்டி திருப்பு."

திருப்பினான். நாற்பத்தேழுதான். அப்படியும் அவளுக்கு அரை மனசுதான்.

நாலு நாள் கழித்து, தண்ணீர் லாரி வந்து தெருவே குடத்தோடு நின்ற நேரத்தில், ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கக்கத்தில் ஃபைல். சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒரு பேனா வைத்திருப்பவனையே கன்னியம்மாவுக்குப் பிடிக்காது.

"ஏம்மா, வெற்றின்னு ஒருத்தர் வீடு எது?"

குடங்கள் அசையாமல் நின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் இதேபோல ஃபைலோடு இரண்டு பேர் வந்து பேர் கேட்டார்கள், கதவு எண் கேட்டார்கள். தெருக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு எல்லாம் சொன்னார்கள். ஆறே மாதத்தில் கடலை ஒட்டிய பன்னிரண்டு வீடுகளையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அந்தப் பன்னிரண்டு குடும்பமும் இப்போது எங்கோ ஒரு கோடியில் ஐந்தாவது மாடியில் இருக்கின்றன. அன்றிலிருந்து தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காகிதத்தோடு வருபவன் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லவேண்டும்.

"எதுக்கு சார் கேக்கறே?" என்றாள்.

"ஒரு விசாரணை. அதையெல்லாம் சொல்லக்கூடாது."

போதாதா? கன்னியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வெற்றியா? அவங்கோ வூட்ட காலி பண்ணிகினு மாத்தூருக்குப் போய்ட்டாங்கோ. ஆறு மாசம் ஆவுது. இன்னாடி ஜூடி?"

பக்கத்து வீட்டு ஜூடி கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஏழு மாசம் ஆவுது, யக்கா."

அவர் எழுதிக்கொண்டு போனார். தெருவே சிரித்தது. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகிழினிக்கு, வீட்டுக்குள் போனதும் பாடம் நடந்தது. காயிதத்தோடு யார் வந்தாலும் தெரியாது, மாத்தூர் போய்ட்டாங்க என்று சொல்லவேண்டும். உடனே வீட்டுக்குள் ஓடி தாழ்ப்பாள் போடவேண்டும். குழந்தை மூன்று தடவை சரியாகச் சொன்னாள். ஒரு தேன்மிட்டாய் கிடைத்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துச் சுவரில் குலுக்கலுக்கான பட்டியல் ஒட்டினார்கள். கன்னியம்மா விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். மகிழினி, த/பெ வெற்றி. நேரே எழுதியிருந்தது: முகவரியில் இல்லை.

யார் வேலை இது? டில்லிபாபுவா? அவன் தட்டியதை அவளே பார்த்தாளே. அப்படியானால் ஜூடிதான். போன வருஷம் அவள் மகன் சாவியோவுக்குக் குலுக்கலில் விழவில்லை. அந்தப் பொறாமையில் போட்டுக் கொடுத்திருப்பாள். யோசிக்க யோசிக்க ஜூடியின் சிரிப்புக்குக்கூட வேறு அர்த்தம் தெரிந்தது. வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே கத்தித் தீர்த்தாள்.

"எம் பொண்ணு பட்ச்சா உனுக்கு இன்னாடி எரிச்சலு?"

ஜூடி அழுதுவிட்டாள். "மாதா மேல சத்தியமா எனுக்கு ஒண்ணியும் தெரியாது யக்கா."

சத்தியத்தையும் கன்னியம்மா நம்பவில்லை. நேரே பள்ளி ஆபீசுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் பக்தவச்சலம் என்று பெயர்ப்பலகை. பலகைக்குப் பின்னால் அதே ஆள். பையில் அதே இரண்டு பேனா.

"நீங்க அந்தத் தண்ணி லாரி அம்மாதானே?" என்றார் அவர். "பொய் விலாசம் குடுக்கறவங்க ஜாஸ்திம்மா. அதான் சொல்லாமக் கொள்ளாம வந்து விசாரிக்கிறது. நீங்கதானே மாத்தூருன்னு சொன்னீங்க?"

"நான்தான் சார் வெற்றி சம்சாரம்."

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றதா?"

மகளின் எட்டு வருஷப் படிப்பைத் தன் வாயாலேயே மாத்தூருக்கு அனுப்பியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கியது. கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிடு அவளுக்குப் பழக்கமில்லாத வேலை என்பது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருவில் முதலில் ஜூடியைக் கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடு ஜூடி கன்னியம்மாவைப் பார்த்தாள். பழிவாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"இது அவங்கோ வூடுதான் சார். கல்யாணம் கட்டிகினு வந்த நாளா இங்கதான் கீறாங்கோ."

"ஏழு மாசம்னு சொன்னது நீதானேம்மா? உங்க தெருவுல யார் பேச்சையும் எழுத முடியாது." சுற்றிலும் பார்த்தார். லாரி தண்ணீர் நிரப்பும் தொட்டிக்கருகே மகிழினி மூடியில் மண் அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். "பாப்பா, இங்க வா. வெற்றி வீடு எது?"

கன்னியம்மா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

மகிழினி ஃபைலைப் பார்த்தாள். பேனாக்களைப் பார்த்தாள். "தெரியாது. அவங்கோ மாத்தூர் போய்ட்டாங்கோ," என்றாள், ஒரு எழுத்து பிசகாமல்.

சொல்லி முடித்தாளோ இல்லையோ, எடுத்தாள் ஓட்டம். நேரே நாற்பத்தேழாம் நம்பர் நீலக் கதவுக்குள் புகுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

பக்தவச்சலம் கதவு எண்ணை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார். பழையதை அடித்துவிட்டு ஏதோ எழுதினார்.

"இன்னா எழுதினே, படி சார்," என்றாள் கன்னியம்மா.

படித்தார். விசாரித்ததில் இங்கேயே வசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை குலுக்கலுக்கான சீட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு பைக்கை உதைத்தார்.

கன்னியம்மா ஜூடியின் பக்கம் திரும்பினாள். மன்னிப்பு கேட்கவேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "சாவியோவுக்கு மத்தி கொயம்பு எடுத்தாறேன்டி," என்றாள். ஜூடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

பிறகு கன்னியம்மா கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"அம்மாதான்டி கண்ணு. தொற."

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அது அவள் கையில் இருந்த சீட்டையே பார்த்தது.

"கையில இன்னா காயிதம்?" என்றாள் மகிழினி.