குச்சிப்பூச்சியும் கல்லடி வண்டும்

இலை வெட்டும் மிஷின் ஓடி முடிந்த தேயிலைச் செடியின் மேல் குச்சிப்பூச்சி ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது. பாவப்பட்ட பிறவி. கிளையோடு கிளையாய் ஒட்டிக்கொண்டு குருவியை ஏமாற்றலாம்; மிஷின் கத்திக்குக் கண் ஏது? சத்தம் கேட்டதும் நகர்ந்திருந்தால் பிழைத்திருக்கும். ஆபத்து வந்தால் இன்னும் அசையாமல் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை. மாலதி அதைத் தட்டிவிட்டாள்.

அவளுக்கும் அதே வித்தைதான். எஸ்டேட்டுக்கு வந்த நாள் முதல் செங்குத்தான மேட்டுக்காட்டுத் தேயிலைதான் அவள் பங்கு. இலைச் சாக்கைத் தலையில் வைத்து இறங்கி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனியும் மேடு ஏறினால் நடையே போய்விடும் என்று குன்னூர் டாக்டர் சொல்லிவிட்டார். ரோட்டோரக் காட்டுக்கு மாற்றினால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம். வாய் திறந்து கேட்கத்தான் வரவில்லை. பேசாமல் உழைத்தால் பார்க்கிறவர்கள் பார்த்துச் செய்வார்கள் என்று இருந்துவிட்டாள்.

டீ குடிக்க உட்காரலாமென்று, கூட இலை எடுக்கும் ஆயம்மாள் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியிலிருந்த வண்டைத் தள்ளிவிடக் கை வைத்ததுதான் தாமதம், பட்டென்ற சத்தத்தோடு அது வால் பக்கமிருந்து சூடாக எதையோ பீய்ச்சியது.

"சுட்டுப்போடுச்சு, சனியன்," என்று ஆயம்மாள் விரலை உதறினாள். விரல் நுனி பழுப்பேறியிருந்தது. வண்டு அவசரமே இல்லாமல் அடுத்த கல்லுக்கடியில் போய்ச் சேர்ந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை.

மாலதிக்கு எரிச்சலாக வந்தது. நகத்தளவு ஜந்துக்கு இருக்கிற ரோசம் தனக்கு இல்லையே.

சூப்பர்வைசர் சங்கிலி வந்து மத்தியான வேலைக்கு ஆள் பிரித்தார். "மாலதிக்கா எப்பவும்போல மேல போயிருவாங்க," என்றார், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"போகமாட்டனுங்க," என்றாள் மாலதி. "முட்டி போயிருச்சு. ரோட்டுக்காடு குடுங்க."

ஆயம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். சங்கிலி கத்தப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்னங்க்கா, போங்க. ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வந்த வருசமே மாத்திருப்பனே. நீங்க ஒண்ணுமே சொல்லாம ஏறுறீங்க, மேட்டுக்காடுதான் உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சு உங்களுக்கே ஒதுக்கி வெச்சேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். மாலதிக்கோ யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. சண்டை போட்டு வாங்கியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ரோட்டோரக் காடு கூப்பிடு தூரத்தில் சமதரையாகக் கிடந்தது. அங்கே போய்ச் சேரவே அவள் ஆயம்மாளின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.