வலது கையுறை

ஜெரூஷா, பெட்டியில் கிடந்த அப்பா எட்மண்டின் இடது கைக்கு வெள்ளைக் கையுறையை மாட்டிவிட்டு வலது கையை எடுத்தபோது, தபீதாள் வெடுக்கென்று மகளைத் தடுத்தாள்.

"அதை மாட்டாத. கட்டைவிரல் நகத்துக்குள்ள ரத்தம் பாரு. போலீஸ் வந்து பாக்கட்டும்."

குளிப்பாட்டியும் போகாத சிவப்பு. பீர்க்கன்கரணை வீட்டுக் கூடத்தில் பெட்டியைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"டாக்டர் ஹார்ட்டுனு எழுதிக் குடுத்துட்டாரும்மா," என்றான் மகன் ஜேசன்.

"நல்லா இருந்த ஹார்ட் சும்மா நிக்குமா? நேத்து புல்லட்ட ஸ்டார்ட் பண்ணறப்போ கிக்கர் திருப்பி ஒதைச்சு ஆளையே தூக்கிப் போட்டுச்சுடா. அந்த அதிர்ச்சிலதான் நெஞ்சு அடைச்சுது. அமீருதீன் பாய் எஞ்சின் டைமிங்கத் தப்பா வச்சுட்டான். கம்ப்ளெயின்ட் குடுத்து அவன் கடைய மூட வைக்கணும்."

பழைய புல்லட்டின் டைமிங் பல்சக்கரங்கள் தேய்ந்துபோய், போன வாரம்தான் குரோம்பேட்டை மெக்கானிக் அமீருதீன் வீட்டுக்கே வந்து புதிது மாட்டினார். மாட்டியதற்கு அத்தாட்சியாகப் பழைய சக்கரங்களை எட்மண்ட் கேட்டு வாங்கி ஷோகேஸில் வைத்துக்கொண்டார். மனுஷன் பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அப்பேர்ப்பட்டவரையே ஒருத்தன் ஏமாற்றிக் கொன்றுவிட்டானே என்று தபீதாளுக்கு வயிறு எரிந்தது.

பின்பக்கம் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. எழுந்து போனாள். ஷெட்டில் புல்லட் பக்கத்தில் அமீருதீன் குந்தியிருந்தார். எஞ்சினின் வட்ட மூடி கழன்று தரையில் கிடந்தது.

"எழவு வீட்டுக்கு வந்து தடயத்த அழிக்கிறீங்களா பாய்?"

"அய்யய்யோ, இல்லமா! நேத்துலேர்ந்து சோறு எறங்கல. என் கை தப்பா இன்னானு பாக்காம சார் மொகத்த எப்டிமா பாப்பேன்?" அவர் எஞ்சினுக்குள் கைகாட்டினார். "டைமிங் வச்சதும், அது நவுந்தா தெரியறதுக்கு இந்த ரெண்டு ஸ்குரூ மேலயும் நெயில் பாலிஷ் வச்சேன். ஜெரூஷா பாப்பாகிட்ட வாங்கிக் குடுத்ததே சார்தான். 'எவனாவது கை வச்சா எனக்குத் தெரியணும் பாய்'னாரு. இப்ப பாருங்க."

பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம்.

முந்தாநாள் சாப்பிடும்போது, "வண்டி முன்ன மாதிரி இழுக்கல. பாய் என்னமோ பண்ணிட்டான்," என்று எட்மண்ட் முனகியது தபீதாளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். அவள் குனிந்து அந்தச் சிவப்பைத் தன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எவனோ டைமிங்க மாத்தித் திருப்பி வச்சுக்கீறான் மா," என்றார் அமீருதீன் ஆத்திரமாக. "சார் இருந்தா அவன சும்மா வுட்ருப்பாரா?"

ஜேசன் கையில் போனோடு வந்து நின்றான். "ஸ்டேஷனுக்குப் பேசவாம்மா?"

"வேணாம்." அவள் அமீருதீன் பக்கம் திரும்பினாள். "உங்க கை தப்பில்ல பாய். வந்து அவரைப் பாருங்க. கொஞ்சம் இருங்க, நான் முன்ன போறேன்."

பெட்டிக்கருகில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கையுறையை எடுத்தாள். விறைத்துப்போன விரல்கள் லேசில் நுழையவில்லை. கட்டைவிரலைத்தான் முதலில் உள்ளே தள்ளினாள். மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள்.

பிறகு வாசலில் நின்ற அமீருதீனைப் பார்த்து, வரச்சொல்லித் தலையசைத்தாள்.