இரும்பு இல்லாத போத்தலில் மஞ்சள்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளனான எனக்குள் அது முப்பது வருடமாக (சரி, பதினாறு) எரிந்துகொண்டிருக்கிறது.

முதல் தொடக்கம்: "2007 இல், சோதனைச் சாவடியில் நூறு துவக்குகள் ஒரு சின்னப் போத்தலைக் குறிபார்த்தன."

நூறு இல்லை, இரண்டு. அதிலும் ஒன்று மரத்தில் சாய்ந்து கிடந்தது. வெட்டிவிட்டேன்.

2
கலாஜினி எங்கள் ஆராய்ச்சி மாணவி. சுனாமி புரட்டிப்போட்ட செட்டிபாளையத்து வாவிச் சேற்றிலிருந்து, காற்றுப்பட்டால் செத்துவிடும் பற்றீரியாக்களை எடுத்து, மூடிய போத்தல்களில் வளர்த்தாள். அவை உயிர்வாழ இலத்திரன்களைக் (எலெக்ட்ரோன்) கைமாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அவற்றைக் காவிச்செல்லும் புரதம் பெரடொக்சின். அதற்குள் இரும்பு உண்டு, நிறம் துருப்போலக் கபிலம்.*

* இவ்வளவு போதும். மிச்சத்தை அவளிடம் கேட்டால் விடியும்வரை சொல்லுவாள்.

அவளுக்கான இரும்பு உப்பைக் கொழும்பிலிருந்து நான்தான் காவிவந்தேன்.

"இதென்ன?" என்றான் சாவடிச் சிப்பாய்.

"இரும்பு. எங்கட கிருமிக்குச் சாப்பாடு."

அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஒரு போத்தல் கிருமியே காணும், மட்டக்களப்பையே திண்டுபோடும்" என்றேன். பகிடிதான். அவன் சிரிக்கவில்லை. உப்பைப் பறித்துக்கொண்டான், ஒரு துண்டுகூட எழுதித் தரவில்லை.

3
"பறிச்சிட்டானுகள் புள்ள" என்றேன் கலாஜினியிடம்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணன்?"

"ஒண்டும் சொல்லல்ல."

(இந்த வரியை நான்கு தரம் வெட்டி, நான்கு தரம் திரும்ப எழுதினேன்.)

இரும்பில்லாமலே வளர்த்தாள். செத்துப்போகும் என்றேன். சாகவில்லை. ஆனால் பிரித்தெடுத்த புரதம் மஞ்சளாக இருந்தது. இரும்பு கிடைக்காத பற்றீரியா, இரும்பே வேண்டாத பிளேவொடொக்சினைச் செய்து, பெரடொக்சினின் வேலையை அதன் தலையில் ஏற்றியிருந்தது. அரிசி வராத மாதங்களில் நாங்கள் மரவள்ளி அவித்தது போல.

4
அவளுடைய ஆய்வை மேற்பார்த்த பேராசிரியருக்குப் பெயர் வைக்கமாட்டேன். அந்த மரியாதை அவருக்கு வேண்டாம்.

"நீயே வேணுமெண்டு இரும்ப நிப்பாட்டினதா எழுது. நல்ல ஆய்வு" என்றார்.

"நான் நிப்பாட்டல்ல சேர். செக்பொயின்ற்ல பறிச்சாங்க. அதத்தான் எழுதியிருக்கன்."

"பட்டம் வேணுமா, அந்த வசனம் வேணுமா?"

"ரெண்டும் வேணும் சேர்."

இரும்பு இல்லையென்றால் ஒரு பற்றீரியாவே அதை உடம்பில் காட்டுகிறது. படித்த மனிதர் மட்டும்... (மேடைப்பேச்சாகிறது, விடுகிறேன்.)

கண்ட சாட்சி கையெழுத்து வைத்தால் ஏற்பதாகச் சொல்லிவிட்டார். எவனும் வைக்கமாட்டான் என்ற துணிச்சல். வாயைத் திறந்தவன் வீடு திரும்பாத காலம் அது. எனக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம்.

அவள் ஆய்வுக் குறிப்பேட்டை என் முன்னால் விரித்தாள். "நீங்கதானே அண்ணன் கொண்டுவந்தீங்க. இதில வைங்க."

5
முடிவு அ: வைத்தேன். தளபதியே யானையில் வந்து போத்தலைத் திருப்பித் தந்தார். (பொய். எழுதச் சுகமாக இருந்தது.)

முடிவு ஆ: பேராசிரியர் சொன்னதை அவள் எழுதினாள். (எழுதமாட்டாள். அவளை உங்களுக்குத் தெரியாது.)

முடிவு இ: பேனாவை எடுத்தேன். "புள்ள, அண்டைக்குச் சாவடியில நான் சொன்னது..."

இதற்குமேல் என்னால் ஆகாது. குறிப்பேடு விரிந்தபடி அவள் நிற்கிறாள். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள், வாசகரே. என்னை மட்டும் நல்லவனாக்கிவிடாதீர்கள்.