இறக்கையில் ஒரு கட்டைவிரல்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது. மூன்று வாரமாகிறது, அது இன்னும் மனசை விட்டு நகரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பிளாஸ்டிக் விமான மாதிரிகள் செய்வது பொறுமையை வளர்க்கும் ஒரு—'

அடித்துவிட்டேன். பொறுமையாவது மண்ணாவது. அது இருந்திருந்தால், பூசுவதற்கு முன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

2

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பாதி செய்துவைத்த விமானம் அது. முழங்கை நீளம், சாம்பல் நிறப் பிளாஸ்டிக், பெயின்ட் அடிக்கவில்லை. இறக்கைகளை ஒட்டிய மறுவாரம் மாரடைப்பில் போய்விட்டார். ஏழு மாதம் கழித்து அக்கா அதை அட்டைப்பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீயே முடிச்சுக் குடுத்துடு. அவர் கைபட்டது, பாதியில நிக்க வேண்டாம்."

(வாசகரே, 'அவர் கைபட்டது' என்றாளே, அதை நான் அன்று காதிலேயே வாங்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் கேட்கிறது.)

3

இந்த வேலையில் இரண்டு பாகங்களை ஒட்டினால் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அதை அடைக்கத்தான் பட்டி. சுவருக்குப் பூசுவார்களே, அந்த மாதிரிதான். ஆனால் இது பற்பசைபோலக் குட்டிக் குழாயில் வரும். நான் வாங்குவது வெள்ளை அக்ரிலிக் பட்டி. பூசிவிட்டு, காய்வதற்குள் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்தால் மிச்சமெல்லாம் வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.*

* சில பட்டிகள் பிளாஸ்டிக்கையே கொஞ்சம் அரித்துவிடும். அக்ரிலிக் அரிக்காது. இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். என் உயிர் இதில்தான் தொங்கியது.

இடது இறக்கையில் ஒரு கைரேகை பதிந்திருந்தது. மாதிரி செய்யும் நாங்கள் போடும் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். இளகிய இடத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. கண்டதும் கை தானாகப் பட்டியை எடுத்தது. பூசினேன், துடைத்தேன், வழவழவென்று ஆகிவிட்டது. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வெட்கம் கெட்டவன்.

4

மறுநாள் மதியம் அக்கா வந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினேன். அவள் விமானத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, கட்டைவிரலால் இடது இறக்கையைத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"எங்கடா அது?"

"எது, அக்கா?"

"அவர் விரல்."

அவள் விரலுக்குக் கீழே இருந்த வழவழப்பைப் பார்த்தேன்.

"தினம் காலையில அதுமேல என் விரலை வச்சுட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். துணியெல்லாம் துவைச்சு எடுத்து வச்சாச்சு. மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

'அவள் குரல் உடைந்து—' இல்லை, உடையவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

5

இங்கே அத்தானைப் பற்றி ஒரு திருத்தம். முந்தைய பிரதியில் அவரை அமைதியின் வடிவமாக எழுதியிருந்தேன். சுத்தப் பொய். பொசுக்கென்று கோபம் வரும் மனிதர். ஆனால் பசையைத் தொடும்போது மட்டும் அவ்வளவு நிதானம்; கையுறை மாட்டாமல் உட்காரவே மாட்டார்.

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஏன் என்பது அடுத்த பகுதியில்.]

6

"இரு அக்கா, எடுத்துடலாம்" என்றேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்தேன். காய்ந்த அக்ரிலிக்கும் அதற்கு இளகும். வட்டம் வட்டமாகத் துடைத்தேன். அக்கா மூச்சுவிடாமல் குனிந்திருந்தாள்.

வந்துவிட்டது. மேல்பூச்சு போய், பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியதால், சாம்பல் இறக்கையில் ரேகை அச்சடித்தமாதிரி தெரிந்தது. முன்பு உற்றுப் பார்த்தாலோ தடவினாலோதான் தெரியும். இப்போது எட்ட நின்றாலே தெரிகிறது.

"அப்பாடா" என்றாள். பிறகு, "இதென்னடா, குறுக்க ஒரு கோடு?"

வெள்ளை ரேகைகளை வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு. என் வலது கட்டைவிரலில் அதே இடத்தில் ஒரு தழும்பு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் பிளேடு கிழித்தது. இறக்கை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். "மாப்ளே, இதைக் கொஞ்சம் அழுத்திப் பிடி" என்றார் அத்தான். வெறுங்கையால் பிடித்தேன். அடப்பாவமே என்று எனக்குள் ஏதோ கத்தியது. ஏழு மாதமாக அவள் தொட்டுக்கொண்டிருந்தது என்னை.

7

முதல் முடிவு: "பிளாஸ்டிக் வார்த்த அச்சுலயே விழுந்த கீறல்க்கா" என்கிறேன். அவள் நம்புகிறாள். நாளைக் காலையும் விரலை வைத்துவிட்டுக் கிளம்புகிறாள்.

இரண்டாவது: உண்மையைச் சொல்கிறேன். மிச்சமிருந்த ஒன்றும் போய்விடுகிறது, இரண்டாம் தடவையாக, அதுவும் என் வாயாலேயே.

மூன்றாவது: அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரி— வேண்டாம். அது எனக்கு வசதியான முடிவு.

நிஜத்தில் நடந்ததை ஒரு வரி வரைக்கும் சொல்கிறேன். அக்கா கையை நீட்டி, "குடு இப்படி" என்றாள். பஞ்சுக்குச்சியைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். அது என் வலது கையில், கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. விரலைத் திறக்காமல், தழும்பைக் காட்டாமல், அதைக் கொடுக்க முடியாது.

அதற்கப்புறம் நான் எழுதப்போவதில்லை. என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவள் கை இன்னும் நீண்டுதான் இருக்கிறது.