கோபுரத்தில் விழாத தண்ணீர்

விடியலில் புயல் ஓய்ந்தபோது ஸ்டெய்னாரின் மீன் பண்ணையில் காற்றுக் கோபுரம் குப்புறக் கிடந்தது. பூமிக்கடியிலிருந்து சூடாகவே வரும் கிணற்று வெந்நீர் அதன் தட்டுகளில் விழுந்து, உள்ளே அடைபட்ட வாயுவை விட்டுவிட்டுத்தான் தொட்டிக்கு வரவேண்டும். நேராக வந்தால் மீனுக்கு விஷம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் அவன் மனைவி ஆல்ஃப்ஹெய்துர். அவள் செத்து ஆறு வாரம்.

தொட்டியில் கிடந்தவை பதினான்கு வருடம் அவள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த தாய்மீன்கள். எல்லாம் முட்டை வயிறு. அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தவை அவைதான்.

"ஊத்துப் பச்சைத் தண்ணி தொட்டிக்கு வருதில்ல? சில்லுன்னு இருந்தாலும் அது போதும் மச்சான்," என்றான் அவள் தம்பி ஒட்டுர். "ஐஸுக்கு அடியில பொறந்த ஜாதி இது. நான் போய் வெல்டரைக் கூட்டிட்டு வர்றேன். நீ எதையும் நோண்டாம காபி குடி. உன் கை சும்மா இருக்காதே, அதான் சொல்றேன்."

"போடா, நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்."

ஒட்டுர் போனபின் தொட்டியில் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. மீன்கள் அடியில் அசையாமல் படுத்தன. ஸ்டெய்னார் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அவள் கையும் இப்படித்தான் சில்லிட்டிருந்தது. "குளிருது, குளிருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பாவம்.

அந்த ஊரில் குளிர் என்றால் கைக்கு வருவது கிணற்று வெந்நீர்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அதில், வீடு சூடாவதும் அதில், கண்ணாடிக் குடிலில் தக்காளி பழுப்பதும் அதில். அதன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரு மணி நேரம்தானே என்று ரப்பர் குழாயைக் கிணற்று வால்விலிருந்து நேராகத் தொட்டிக்குள் விட்டான். முழங்கையை நனைத்துப் பார்த்தான். பதமான சூடு. மீன்கள் அசைந்து நீந்தத் தொடங்கின. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்பக் குளிரலையே?" என்று கேட்டான். குழாயை எடுக்க மனம் வரவில்லை.

மதியம் ஒட்டுர் வந்தபோது எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. துடுப்பிலும் கண்ணிலும் பொடிப்பொடியாய்க் குமிழ்கள்.

"என்ன மச்சான் பண்ணி வெச்ச?"

"அதுங்களுக்குக் குளுந்துச்சு மாப்ள."

ஒட்டுர் குழாயைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டான். போய் வால்வை மூடினான்.

ஸ்டெய்னார் சுவரைப் பார்த்தான். தினமும் கண்ணில் படுவதாலேயே அவன் ஒருநாளும் முழுதாகப் படிக்காத தாள். 'கோபுரத்தில் விழாத தண்ணீரை விடாதே' என்பது வரை அவனுக்கு மனப்பாடம். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், இன்னொரு வரி இருந்தது.

'குளிர்ந்தாலும் பரவாயில்லை, ஸ்டெய்னார்.'