ஐந்தாவது துளை

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் நான்கு துளைகள் உண்டு. நான்கும் இலவசம்.

என் கணவர் மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். எந்த மாத்திரை அட்டை எந்த மாதம் காலாவதியாகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்தத் திறமையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ‘புது வாடிக்கையாளருக்கு வீட்டு இன்டர்நெட் மூன்று மாதம் இலவசம்’ என்ற துண்டுச்சீட்டு வாசலில் வந்து விழுந்த அன்றே, சமையலறைக் காலண்டரில் மூன்றாம் மாதக் கடைசித் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். முதல் தேதியைக் குறிக்கவே இல்லை. எதுவும் எப்போது தொடங்குகிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. எப்போது முடிகிறது என்பதுதான் முக்கியம்.

மூன்று மாதம் முடிந்தால் பணம் கட்ட வேண்டும். கட்டுவாரா? தன் பெயரில் இருந்த இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டு என் பெயரில் விண்ணப்பித்தார். அதே வீடு, அதே சுவர், ஆனால் நான் புது வாடிக்கையாளர். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என்னைப் புதுசு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த மூன்று மாதம் மாமனார் பெயரில். அதற்கடுத்தது, கால் வலி வைத்தியத்துக்காக எங்களோடு வந்து தங்கியிருந்த என் அம்மாவின் பெயரில். “அத்தைக்குப் பொழுது போகணும்ல” என்று உருகிக் கையெழுத்து வாங்கினார். மாப்பிள்ளையின் பாசத்தை அம்மா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கம்பெனிக்கும் விதிகள் உண்டே. புது வாடிக்கையாளர் என்றால் புது வயர், சுவரில் புதுத் துளை. ஒரு முகவரிக்கு ஓர் இணைப்புதான் என்பதால் பழையதை முதலில் வெட்டியாக வேண்டும். புதியது வரும்வரை நான்கு நாளோ ஒன்பது நாளோ வீட்டில் இன்டர்நெட் கிடையாது.

அதில் அடிபட்டவள் என் நாத்தனார். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வயர் இல்லாத நாட்களில் மாடி வீட்டுக்காரர் தயவில், மாடிப்படியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பின்னம் நடத்துவாள். யாராவது குப்பை வாளியோடு இறங்கினால் பாதிப் பின்னத்தில் எழுந்து வழிவிட வேண்டும்.

“அண்ணா, நான் பணம் கட்டிடறேன். ஒரே கனெக்‌ஷனா விட்டுடேன்.”

“உன் காசு என்ன, வேற காசா? எதுக்கு வீணாக்கணும்?”

“ஒழுங்கா கிளாஸ் நடக்கலைன்னு மூணு பசங்க நின்னுட்டாங்க. அது யார் காசு?”

“அது வேற கணக்கு” என்று அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவருக்குப் பிடிக்காத கணக்கெல்லாம் வேற கணக்குதான்.

நான்கு தடவையும் துளை போட வந்தது ஒரே ஆள். தோளில் அலுமினிய ஏணி, இடுப்பில் பை. நாங்கள் வைத்த பெயர் ஏணிக்காரர். இரண்டாம் தடவை வந்தபோது கையிலிருந்த தாளையும் வீட்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், போன தடவை இங்கதானே போட்டேன்?”

“அது நான். இது என் வீட்டுக்காரி” என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

மூன்றாம் தடவை அவர் ஒரு டப்பாவில் வெள்ளை சிமென்ட் குழைத்துவந்து, யாரும் கேட்காமலே பழைய துளைகளை அடைத்தார். “காத்து வருது. உக்காந்து வேலை பாக்கிற இடம்” என்று சுவரிடம் சொன்னார். அந்தச் சுவரடியில்தான் நாத்தனாரின் மேஜை. நான்காம் தடவை அரை மணி நேர வேலைக்கு இரண்டரை மணி நேரம் இருந்தார். கேட்டால், வேகத்தைச் சோதிக்கிறாராம். வேகத்தை அவ்வளவு மெதுவாகச் சோதித்த ஆளை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு என் நாத்தனார் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். இணைப்பு அறுபடப் போகும் தேதிக்காக ஏங்கிக் காத்திருந்த ஒரே பெண் உலகத்தில் இவளாகத்தான் இருப்பாள்.

“ஏன்டி, நம்பர்தான் இருக்கே. பேசேன்.”

“வேலைக்கு வந்த வீட்டு ஆளுங்களோட ஃபோன்ல சொந்த விஷயம் பேசினா வேலை போயிடுமாம் அண்ணி. அவரே சொன்னார்.”

“நீ கேட்டியாக்கும்?”

“பேச்சுவாக்குல வந்துச்சு” என்றவள், காய்ந்த துணியையே மறுபடி உதறினாள்.

இந்த நிலையில்தான் என் கணவர் வெற்றிவீரனைப் போல வீட்டுக்குள் வந்தார். இந்தத் தடவை மூன்று மாதமில்லை, ஒரு வருடம் இலவசம். வீட்டில் மிச்சமிருந்தது ஒரே பெயர், தங்கையுடையது.

“இவ பேரை பிரம்மாஸ்திரம் மாதிரி பத்திரமா வெச்சிருந்தேன் பாத்தியா?”

“ஒரு வருஷமா?” என்றாள் அவள்.

“ஆமா! ஒரு வருஷத்துக்கு அறுக்க வேண்டாம், ஓட்டை போட வேண்டாம், அந்த ஏணிக்காரன் மூஞ்சியப் பாக்க வேண்டாம்!”

நாத்தனார் எழுந்து போய், அடைத்த துளைகளைப் பார்த்தபடி மேஜையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: “இதோ பாரு. இந்தத் தடவை ரெண்டு பேர்ல ஒருத்தராவது வாயைத் திறங்க. இல்லேன்னா அடுத்த வருஷம்தான். அப்ப வேற ஆள அனுப்பினா நான் பொறுப்பில்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏணி வந்தது. மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால். கணவர் சுவரில் பென்சிலால் ஐந்தாவது இடத்தைக் குறித்து வைத்திருந்தார். ஏணிக்காரர் துளைக்கும் கருவியை ஒரு கையிலும் டேப்லெட்டை மறு கையிலுமாக நின்று கேள்விகளைப் படித்தார். வாடிக்கையாளர் வாயால்தான் பதில் வர வேண்டும் என்பது இன்னொரு விதி.

பெயர் முடிந்தது. முகவரியும் முடிந்தது.

“எங்க கம்பெனி ஊழியர் யாராவது உங்க குடும்பத்துல இருக்காங்களா?”

நான்கு தடவை ஒரே மூச்சில் ‘இல்லை’ என்று தாண்டிய கேள்வி. இவள் அடைத்த துளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்லைன்னு போடுங்க” என்றார் கணவர்.

“அவங்கதான் சொல்லணும் சார்.”

“சொல்லும்மா, இல்லைன்னு.”

“இப்ப இல்லை. இருக்கலாமான்னு யாராவது கேட்டா, இருக்கலாம்” என்றாள் என் நாத்தனார்.

ஏணிக்காரரின் காது சிவந்தது. “அப்படி ஒரு கட்டம் இதுல இல்லைங்க. ஆமா, இல்லை, ரெண்டுதான்.”

“அப்ப நீங்களே பாத்துப் போடுங்க.”

அவர் கருவியைத் தரையில் வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “ஆமான்னு போட எனக்கு ஆசைதாங்க. மூணாவது துளைலேருந்தே ஆசை. ஆனா போட்டா உங்களுக்கு இலவசம் கிடையாது.”

“தெரியும். ஒன்பதாவது விதி. ஒவ்வொரு தடவையும் படிச்சிருக்கேன்.”

எங்கள் வீட்டில் அந்த விதிகளைப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

“யாரு ஊழியர்? யாரு குடும்பம்? எனக்குப் புரியல” என்றார் கணவர்.

செய்தித்தாள் ஓர் அங்குலம் இறங்கியது. “மாப்பிள்ளையை எவ்வளவு நேரம்டா நிக்க வெப்ப? நாற்காலியைப் போடு” என்றார் மாமனார்.

இவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்திலேயே ஒரு வழியும் கண்டுபிடித்தார். “நல்ல விஷயம்தான், நான் வேண்டாங்கல. இப்போதைக்கு இல்லைன்னு போட்டுட்டு, கல்யாணத்தை மட்டும் ஒரு வருஷம் தள்ளி…”

அவர் கண்ணில் எனக்குச் சிவப்பு வட்டம் தெரிந்தது.

“நான் என்ன மாத்திரை அட்டையா அண்ணா? தேதி பாத்து வெளிய அனுப்ப?” அவள் குரல் உடைந்தது.

“நானும் பொய்யா போட முடியாது சார்” என்றார் ஏணிக்காரர். “தெரிஞ்சா வேலை போயிடும். வேலையில்லாதவனுக்கு உங்க தங்கச்சியைக் குடுப்பீங்களா?”

நான் என் பங்குக்குக் கேட்டேன்: “என்னங்க, இந்த நாலு ஓட்டைக்கு ஆபீஸ் ஆபீஸா அலைய எத்தனை நாள் லீவு போட்டீங்க?”

“அது என் சொந்த லீவு.”

“அந்தப் பசங்க நின்னது இவ சொந்தப் பொழப்பு. ஓட்டை நம்ம சொந்தச் சுவத்துல. இலவசம்னு எதைச் சொல்றீங்க?”

கணவர் பென்சில் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றாள். இவர் தொண்டையைச் செருமினார்.

“ஊழியர் குடும்பத்துக்குத் தள்ளுபடியாவது உண்டா?”

“இல்லைங்க சார். முழு மாசக் கட்டணம்.”

“கொஞ்சங்கூடவா?”

“கொஞ்சங்கூட.”

துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல நாற்காலியில் சாய்ந்தார். அது மாப்பிள்ளைக்கென்று போட்ட நாற்காலி. “போட்டுடுங்க. ஆமான்னே போட்டுடுங்க” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

ஐந்தாவது துளை போடவில்லை. வெட்டிய நான்காவது வயரையே ஏணிக்காரர் மறுபடி இணைத்தார், என் அம்மா பெயரிலேயே, பணத்துக்கு. எட்டு மாதமாக ஒரு நாள்கூட அறுந்ததில்லை. என் கணவர் மோடத்தின் பச்சை விளக்கை ஏமாந்தவரைப் போலப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாத்தனார் கல்யாணமாகி, மூன்று தெரு தள்ளித் தன் வீட்டில் பாடம் நடத்துகிறாள். நின்றுபோன மூன்று பிள்ளைகளில் இருவர் திரும்பி வந்துவிட்டார்கள்.

போன வாரம் வேறொரு கம்பெனியின் துண்டுச்சீட்டு வாசலில் விழுந்தது. ‘புதுக் குடித்தனத்துக்கு ஆறு மாதம் இலவசம்.’ இவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தங்கை வீட்டுக்கு ஓடினார். பதினைந்தாவது நிமிடம் திரும்பிவிட்டார்.

“என்ன சொன்னாங்க?”

“காப்பி குடுத்தாங்க.”

“அது சரி, நெட்டு?”

“அந்தக் கம்பெனி ஆள் வந்தா சுவத்துல ஓட்டை போடுவானாம். தன் வீட்டுச் சுவத்துல இன்னொருத்தன் ஓட்டை போட்டா மாப்பிள்ளைக்குத் தாங்காதாம். ஊரெல்லாம் ஓட்டை போடற ஆளுக்குப் பேச்சப் பாரு!”

சீட்டைக் கிழிப்பார் என்று நினைத்தேன். கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு, மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.